கௌதம் தூங்கும் வண்டி

மரக்காணம் உப்பளங்களுக்கு நடுவே பாலகுருவின் மூன்று சக்கர லோடு வண்டி வருவது தொலைவிலேயே தெரிந்துவிடும். முதலில் ‘டடடட’ என்று சத்தம் வரும். பிறகு புழுதி வரும். கடைசியாகத்தான் வண்டி வரும்.

கோடை விடுமுறையில் அவர் மகள் கலைமதியும் அந்த வண்டியில் போவாள். அம்மா ஞானாம்பாள் உப்பு வாரும் நேரத்தில், தம்பிப் பாப்பா கௌதமைப் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. அவன் அவள் மடியில் படுத்திருப்பான். சாலையின் இருபுறமும் பாத்திகளில் மேகங்கள் மிதக்கும். வண்டி வானத்துக்குள்ளேயே போவதுபோல அவளுக்குத் தோன்றும்.

கழுவெளி ஏரியில் பூநாரைகளைப் பார்க்க வேண்டும் என்று கலைமதிக்கு வெகுநாள் ஆசை.

“திங்கக்கிழமை போடுற டீசல்ல வாரக் கடைசியில மிச்சம் இருந்தா கூட்டிட்டுப் போறேன் கண்ணு” என்பார் அப்பா.

சனிக்கிழமை டேங்கில் குச்சியை விட்டுப் பார்ப்பார். நுனி மட்டும் நனைந்திருக்கும். ஏரித் தண்ணீரோ வற்றிக்கொண்டே வந்தது. முழுக்க வற்றினால் பறவைகள் பறந்துவிடும்.

ஒரு திங்கட்கிழமை, அப்பா கறுப்பாக ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்தார்.

“காந்தம்! டீசல் வர்ற குழாயில மாட்டிட்டா, மைலேஜ் சும்மா பிச்சிக்குமாம். பஸ் ஸ்டாண்டுல விக்கிறவரு சொன்னாரு” என்று மாட்டினார்.

அந்த வாரம்தான் கௌதமுக்குப் பல் முளைக்கத் தொடங்கியது. தூங்கினால் மட்டுமே அழுகை நிற்கும். அப்பாவோ வண்டியை உறுமவிட்டுக் கிளப்பினார். குறுக்கே வந்த மாட்டுக்குப் பக்கத்தில் போய்ச் சடாரென்று பிரேக் போட்டார். கௌதம் வீறிட்டு எழுந்துவிட்டான்.

“அப்பா, மெதுவா கிளப்புங்க. மாடு தூரத்துல வர்றப்பவே ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்துடுங்க. வண்டி தானா உருண்டு போயிடும்.”

“வண்டியை நான் ஓட்டுறனா, நீ ஓட்டுறியா?”

“நீங்கதான் ஓட்டுறீங்க. ஆனா தம்பி தூங்கணும்ல?”

மூட்டை ஏற்றும்போது, “சத்தத்துல முழிச்சுக்குவான்பா” என்று எஞ்சினையும் நிறுத்தச் சொன்னாள். அப்பா முணுமுணுத்துக்கொண்டே நிறுத்தினார்.

மெல்ல மெல்ல வண்டி படகுபோல மிதக்கத் தொடங்கியது. கடற்காற்று வந்து நெற்றியைத் தொட்டது. கௌதம் தூக்கத்தில் சிரித்தான். கலைமதிக்கும் கண் சொக்கியது. வெள்ளை உப்புக் குவியல்கள் ஒவ்வொன்றாக எழுந்து, இளஞ்சிவப்புச் சிறகை விரித்துப் பறப்பதாகக் கனவு வந்தது.

புதன்கிழமை அப்பா குச்சியை விட்டுப் பார்த்தார். வழக்கமாகப் புதனன்று பாதிக்கும் கீழே இறங்கிவிடும்; இன்றோ பாதி டேங்குக்கு மேல் டீசல் இருந்தது!

“பார்த்தியா, காந்தம் வேலை செய்யுது!” என்று குதித்தார்.

பக்கத்தில் நின்ற முருகையனும் லோடு வண்டி ஓட்டுபவர். “டேய் பாலகுரு, எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடுடா” என்றார்.

கலைமதி யோசித்தாள். காந்தம் வந்த வாரம்தானே, தம்பி தூங்குவதற்காக அப்பா மெதுவாக ஓட்டவும் ஆரம்பித்தார்? காந்தம் வெறும் ஏமாற்று என்றால் முருகையன் மாமா வீணாக வாங்குவாரே!

“அப்பா, காந்தத்தைக் கழட்டிட்டு இதே மாதிரி ஓட்டிப் பாக்கலாமா?”

“கழட்டினா டீசல் தீந்துடும். அப்புறம் ஏரிக்குப் போக முடியாது. தண்ணி வேற வத்திக்கிட்டே வருது.”

கலைமதி ஏரி இருக்கும் திசையைப் பார்த்தாள். ஆனாலும் மெதுவாகச் சொன்னாள்: “பரவால்லப்பா. கழட்டுங்க.”

முருகையன் சிரித்தார். “சரி பாப்பா, திங்கக்கிழமை வரைக்கும் நான் வாங்காம இருக்கேன்.” அப்பா அரைமனதோடு காந்தத்தைக் கழற்றினார்; ஓட்டும் விதத்தை மட்டும் மாற்றவில்லை.

சனிக்கிழமை குச்சியை டேங்கில் விடும்போது கலைமதி கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

மெல்லக் கண்ணைத் திறந்தாள். குச்சி விரல் நீளத்துக்கு நனைந்திருந்தது. அப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வெட்கத்தோடு தலையைச் சொறிந்தார்.

“அப்போ, இத்தனை நாளா டீசலைக் குடிச்சது என் காலுதானா?”

மறுநாள் விடியலில் அம்மாவும் அவர்களோடு ஏரிக்கு வந்தாள். கரை நெருங்கியதும், “பறவைங்க பயந்துடும்” என்று அப்பா காலை எடுத்து எஞ்சினை நிறுத்தினார். வண்டி சத்தமில்லாமல் உருண்டுபோய் நின்றது.

ஏரியில் ஆங்காங்கேதான் தண்ணீர் மிச்சம் இருந்தது. பனிப்புகைக்குள் கொஞ்சம் பூநாரைகள் நின்றன. வானத்தின் சிவப்பு எது, சிறகின் சிவப்பு எது என்று தெரியவில்லை. கௌதம்கூட அழாமல் விழித்துப் பார்த்தான்.

திங்கட்கிழமை முருகையன் சொன்னபடி வந்துவிட்டார். “என்னப்பா, காந்தம் வாங்கலாமா, வேணாமா?”

அப்பா கௌதமைத் தூக்கி அவர் கையில் கொடுத்தார்.

“காந்தம் எதுக்கு? ஒரு வாரத்துக்கு இவனை உன் வண்டியில தூங்க வெச்சு ஓட்டு, போதும்!”