தவளைகள் அடங்கிய இடம்

வெள்ளத்தின் நடுவே மரக்கால்களில் நின்ற அந்த வீட்டைச் சுற்றி, பொழுது சாயும் நேரத்தில், மிதக்கும் புல்லெங்கும் நகமளவு மஞ்சள் மரத்தவளைகள் காதடைக்க இரைந்துகொண்டிருக்க, முழுகிய வாழைத்தோட்டத்துப் பக்கம் மட்டும் ஒரு பாய் அகலத்துக்குச் சத்தமே இல்லை. படகு வந்தால் தவளைகள் அப்படித்தான் அடங்கும். படகு எதுவும் இல்லை.

நேற்று அந்த அமைதி தொலைவில், ஆற்றோரம் இருந்தது. டெல்மிராவுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எட்டு நாளாக அழுகைகூட வரவில்லை.

எட்டு நாளுக்கு முன், விடிகாலை மூடுபனியில், அவள் கணவன் எலிசேயோ படகிலிருந்து இரண்டு கூழாங்கற்களைத் தட்டினான். கண் தெரியாதபோது வீடு எங்கே என்று கேட்கும் வழி அது. பதிலுக்குத் தட்டினால் சத்தம் வந்த பக்கம் துடுப்பைப் போடுவான். முந்தின நாள் போட்ட சண்டை அவளுக்கு ஆறவில்லை. கொஞ்சம் தவிக்கட்டும் என்று கல்லைத் தொடாமல் படுத்திருந்தாள். மிதந்து வந்த மரம் மோதிக் கவிழ்ந்த படகு மட்டும்தான் கிடைத்தது.

நாத்தனார் ஒட்டிலியா மீன் சாறு கொண்டுவந்து வைத்தாள்.

"ஒரு வாயாவது குடிங்க அண்ணி. இன்னொண்ணு, துக்கத்தோட ஒன்பது நாள் முடியறவரைக்கும் தண்ணியிலேர்ந்து யார் கல் தட்டினாலும் பதில் தட்டிடாதீங்க."

"தட்டினா?"

"வீடு தெரிஞ்சுடும்." அண்ணனின் நான்கு வயது மகள் நெலியின் காதைத் திருகினாள். "உனக்கும்தான் சொல்றேன், வாலு."

ஒட்டிலியாவின் படகு மறைந்தது. மீன் சாறு ஆறி, ஈரமரமும் சேறும் கலந்த வாடை தரைப்பலகை இடுக்குகளின் வழியே மேலேறி வர, அந்த அமைதி தோட்டத்தைத் தாண்டி, துவைக்கிற பலகையைத் தாண்டி, மெல்ல மெல்ல வந்தது.

டிக். டிக் டிக்.

அவன் தட்டும் விதம்தான். டெல்மிரா சன்னல் கட்டையைப் பார்த்தாள். கற்கள் அங்கே இல்லை.

நெலியின் கையில் இருந்தன.

"வேணாம்டி."

"அப்பா வழி கேக்குறாரும்மா. அன்னிக்கு மாதிரி சும்மா இருக்காதே."

தெரிந்திருக்கிறது. குழந்தைக்குத் தெரிந்திருக்கிறது. அதற்குள் நெலி தட்டிவிட்டாள்.

டிக். டிக் டிக்.

எல்லாத் தவளைகளும் அடங்கின. ஏணி முனகியது. ஒரு படி. இன்னொரு படி. ஊறி வெளுத்த விரல்கள். தலை. சட்டை. எலிசேயோவின் சட்டை.

முகம் குழந்தையின் பக்கம் திரும்பியது. வாய் திறந்தது. உள்ளே, நாக்கு இருக்க வேண்டிய இடத்தில், நெருக்கியடித்து மஞ்சள் தவளைகள். அவை மட்டும் அடங்கவில்லை.

நெலி ஆசையாகக் கையை நீட்டினாள். டெல்மிராவின் கை எழவே இல்லை.