ஒலிப்பதிவு முடக்கப்பட்டுள்ளது

பின்வாசல் வழியாகத்தான் ஆஸ்பத்திரிக்குள் போனேன். சலவைத் துணி ஏற்றிய வண்டிகளைச் சுற்றிக்கொண்டு சரிவில் இறங்கினால் ஒரு இரட்டைக் கதவு. வெளியே கண் கூசும் மத்தியான வெயில். கதவைத் தள்ளி உள்ளே கால் வைத்ததும் அந்த வெயிலைக் கத்தரியால் வெட்டி வெளியே விட்ட மாதிரி இருந்தது.

பினாயில் வாடை. அதற்கு அடியில் வேறொரு வாடை, கட்டுத்துணியை ஈரம் காயாமல் மடித்து வைத்தது போல.

அண்ணி நடைவழியிலேயே நின்றிருந்தாள்.

"வா திருப்புளி" என்றாள். கணினி பழுது பார்ப்பது என் தொழில். பையில் திருகாணி கழற்றும் திருப்புளி இல்லாமல் நான் வெளியே கிளம்பமாட்டேன். கல்யாணமாகி வந்த வாரமே அண்ணி தன் நாத்தனாரான எனக்கு வைத்த பட்டம் அது. இப்போது என் சொந்த அண்ணனே என் பெயரை யோசித்துத்தான் சொல்கிறான்.

"என்ன அண்ணி, முகமெல்லாம் வாடிக் கெடக்கு?"

"தூக்கமே இல்லை. மெதுவாப் பேசு. உள்ள வா."

அண்ணிக்குத் தட்டச்சு வேலை. டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு, நோய் என்ன, எந்தப் பக்கம், என்ன செய்யப் போகிறோம் என்று வாயால் சொல்லிப் பதிவு செய்வார்கள். அந்தப் பதிவுகள் கீழே இருக்கும் இந்த அறைக்கு வரும். ஹெட்போனில் கேட்டுக் கேட்டு இவர்கள் அடிக்க வேண்டும். காலடியில் ஒரு பெடல். மிதித்தால் குரல் ஓடும், விட்டால் நிற்கும்.

ஜன்னல் இல்லாத நீளமான அறை. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். காலி நாற்காலிகளுக்கு மேல் ஏசி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. கைப்பேசி இந்த அறைக்குள் வரக்கூடாது. என்னுடையதையும் வாசலில் இருந்த பெட்டியில் போட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன்.

"ஹெட்போன்ல இரைச்சல்னு சொல்லித்தான் உன்னை வரவழைச்சேன்" என்றாள் அண்ணி. "இரைச்சல் இல்லை. பேச்சு."

"யார் பேச்சு?"

"தெரியலை. டாக்டர் தப்பாச் சொன்னா, பின்னாடியே திருத்துது."

நான் சிரித்துவிட்டேன். அண்ணி சிரிக்கவில்லை.

நடந்தது இதுதான். ஒரு பெரியவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். "இடது பக்கம்" என்று டாக்டர் பதிவில் சொல்லியிருக்கிறார். அந்தச் சொல்லுக்கு அடியில், களைத்துப்போன ஒரு குரல், ஆணா பெண்ணா என்று பிரிக்க முடியாத குரல், "வலது" என்றிருக்கிறது. அண்ணி பெடலை விட்டு, திரும்ப மிதித்துக் கேட்டாள். மறுபடியும் அதே "வலது". மனசு கேட்காமல் வார்டுக்குப் போன் போட்டுவிட்டாள். நர்ஸ் பெரியவரையே கேட்டார். வலதுதான். டாக்டருக்கு நாக்கு பிறழ்ந்திருந்தது.

டாக்டர் கீழே இறங்கி வந்து நன்றி சொன்னார். ஆனால் அறைக்குப் பொறுப்பான மேடம் விடவில்லை. "உனக்கு எப்படித் தெரிஞ்சது?" அண்ணி உள்ளதைச் சொன்னாள். மேடம் அதே பதிவைத் தன் கணினியில் போட்டுக் கேட்டார். டாக்டர் குரல் மட்டும்தான் இருந்தது.

"இன்னொரு வாட்டி குரல் கேக்குதுன்னு சொன்னா வீட்டுக்குப் போயிடச் சொல்லிட்டாங்க" என்றாள் அண்ணி. "அதான் உன்னைக் கூப்பிட்டேன். பதிவுக்குள்ள அது இல்லை, ஒத்துக்கறேன். ஆனா இந்த மெஷின்ல ஓடறப்போ கேக்குது. ஓடற சத்தத்தையே அப்படியே பிடிச்சு வெச்சிட்டா? மேடம் காதுல போட்டுக் காட்டிடுவேன்."

யோசனை சரிதான். கணினியில் எந்தச் சத்தம் ஓடினாலும் அதை உள்ளுக்குள்ளேயே பதிந்துகொள்ளும் வசதி பல சவுண்ட் கார்டுகளில் உண்டு. அமைப்புகளைத் திறந்தேன். பதிவு என்ற பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. மறைத்து வைத்த சாதனங்களைக் காட்டு என்றேன். அப்போதும் வெறுமைதான். ஒரே ஒரு அறிவிப்பு: ஒலிப்பதிவு முடக்கப்பட்டுள்ளது.

பெட்டியைக் கழற்றிப் பார்த்தேன். சூடான தூசி வாடை முகத்தில் அடித்தது. கார்டில் மைக் செருகும் துளையே கிடையாது. அந்த இடத்தில் பிளாஸ்டிக் மூடி. உள்ளே கம்பித் தடமும் போடாமல் விட்டிருந்தார்கள்.

"நோயாளி விஷயம் வெளிய போயிடக் கூடாதுன்னு கேட்டு வாங்கியிருக்காங்க அண்ணி. காதும் காதும் வெச்ச மாதிரி வேலை நடக்கணும்னு, காதையே எடுத்துட்டாங்க. இதுக்கு வாய் மட்டும்தான். காது கிடையாது."

அண்ணி சிரிக்கப் போய் இருமினாள். வறட்டு இருமல். தொண்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன அண்ணி?"

"சளிதான். ஏசி ஒத்துக்கலை."

பெட்டியை மூடும்போது மேடம் உள்ளே வந்தார். தட்டச்சுப் பெண்கள் அவருக்குக் கமா மேடம் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒரு காற்புள்ளி விட்டுப்போனாலும் முழுப் பக்கத்தையும் திருப்பிக் கொடுப்பாராம்.

"ஆளில்லாத ரூம்ல ரெண்டு பேரும் என்ன பண்றீங்க?" என்றார்.

"முடிஞ்சது மேடம், கிளம்பிட்டேன்" என்றேன்.

நான் அன்று ஹெட்போனைக் காதில் வைத்துக்கூடப் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவில்லை என்று அண்ணனிடம் சொன்னேன். உண்மை என்னவென்றால், அந்த ஹெட்போன் மேஜைமேல் கிடந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு காதும் எங்களைப் பார்த்துத் திரும்பியிருந்தன.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பேசியது அண்ணி இல்லை, கமா மேடம்.

"நீ நேத்து இங்க என்ன வெச்சுட்டுப் போன?"

"ஒண்ணும் வெக்கலையே மேடம்."

"உடனே வா."

போனேன். அறைக்கு வெளியே மற்றப் பெண்கள் கும்பலாக நின்றிருந்தார்கள். உள்ளே அண்ணியும் மேடமும் மட்டும். மேடம் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள்; விரல்கள் சில்லென்றிருந்தன.

அண்ணி அடிக்க வேண்டிய பதிவுகளின் வரிசையில், எல்லாவற்றுக்கும் மேலே, புதிதாக ஒன்று வந்திருந்தது. சொன்ன டாக்டர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி.

மேடம் ஹெட்போனை நீட்டினார். பெடலை மிதித்தேன்.

ஏசியின் உறுமல். நாற்காலி நகரும் சத்தம். அப்புறம் என் குரல்.

"இதுக்கு வாய் மட்டும்தான். காது கிடையாது."

அதற்கு அடியில், மூச்சுக்கும் பேச்சுக்கும் நடுவில் ஒரு குரல்.

"இருக்கு."

காலைப் பெடலிலிருந்து எடுத்தேன். அறையே நின்றுபோன மாதிரி இருந்தது. மைக் இல்லாத அறை. பதிய முடியாத கார்டு. நேற்று நான் என் கண்ணால் பார்த்தது.

"முழுசாக் கேளு" என்றார் மேடம்.

மிதித்தேன். அண்ணியின் இருமல். "சளிதான். ஏசி ஒத்துக்கலை."

"சளி இல்லை."

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு கதவு திறக்கும் சத்தம். மேடத்தின் குரல். "ஆளில்லாத ரூம்ல ரெண்டு பேரும் என்ன பண்றீங்க?"

இந்தத் தடவை ஒரு குரல் இல்லை. அறையின் ஒரு மூலையில் ஆரம்பித்து இன்னொரு மூலைவரை, ஒன்றன்மேல் ஒன்றாக.

"இருக்கோம்."

ஹெட்போனைக் கழற்றி வீசிவிட்டேன்.

மேடம் நாற்காலியில் உட்கார்ந்தார். "இந்த ரூம் முன்னாடி என்னவா இருந்ததுன்னு உங்களுக்குத் தெரியாது. ஆபரேஷனுக்குப் போறவங்களை இங்கதான் வரிசையாப் படுக்க வெப்பாங்க. மயக்க ஊசி போட்டு. சில பேருக்கு மயக்கம் ஏறறப்போ நெனைவு இருக்கும், நாக்கு எழாது. எதையோ சொல்லப் பாப்பாங்க. யாரு நின்னு கேட்டா?" சற்று நேரம் தன் கைகளையே பார்த்தார். "நான் அப்ப நர்ஸ். நானும் தள்ளிட்டுதான் போயிருக்கேன்."

பிறகு எழுந்து அந்தப் பதிவை அழித்தார். அழிந்தது. ஆனால் அண்ணி கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றிருந்தாள்.

"சளி இல்லையாமே திருப்புளி" என்றாள், குழந்தை மாதிரி.

அன்றே மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். குடலிறக்கப் பெரியவருக்கு ஆபரேஷன் செய்த அதே டாக்டர்தான் பார்த்தார். கழுத்தை அழுத்தினார், முகம் மாறியது, ஸ்கேனுக்கு அனுப்பினார். தைராய்டில் கட்டி. நல்ல கட்டி இல்லை. ஆனால் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டோம், எடுத்துவிடலாம் என்றார். அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதான். அண்ணி அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள், வார்டில் அண்ணிக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தேன். கமா மேடம் வாசலில் வந்து நின்று கண்ணால் கூப்பிட்டார்.

"உங்க அண்ணி கேஸை டாக்டர் பேசி அனுப்பிட்டார். நானே அடிக்க உக்காந்தேன். நீ வந்து கேளு. எனக்குத்தான் கேக்குதா, உனக்கும் கேக்குதான்னு பாக்கணும்."

அவர் பின்னாலேயே கீழே அந்த அறைக்கு இறங்கினேன். அண்ணியின் நாற்காலியில் உட்கார்ந்தேன். மேடம் பெடலை என் காலருகே தள்ளிவிட்டார்.

"தைராய்டு, வலது பக்கக் கட்டி. வலது பாதியை மட்டும் அகற்றுதல்" என்றார் டாக்டர்.

அடியிலிருந்து, பொறுமையாக:

"ரெண்டு பக்கமும்."

பின்னுக்கு ஓட்டிக் கேட்டேன். "ரெண்டு பக்கமும்." இன்னொரு தடவை. இந்தத் தடவை கொஞ்சம் கிட்டத்தில். கழுத்துக்குப் பின்னால் யாரோ குனிந்த மாதிரி மயிர்க்கால் எழுந்தது.

மேடம் என் முகத்தைப் பார்த்தார். கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

டாக்டரிடம் இருவரும் போனோம். என்ன சொல்வது? நான் வாயைத் திறப்பதற்குள் மேடமே சொன்னார்: "போன தடவை அந்தப் பொண்ணு பேச்சைக் கேட்டீங்க. இந்தத் தடவை அவளுக்காக என் பேச்சைக் கேளுங்க. இடது பக்கத்தையும் ஒரு வாட்டி பாருங்க."

டாக்டர் ஏன் என்று கேட்கவில்லை. ஸ்கேனை மறுபடி எடுக்கச் சொன்னார். இடது பக்கத்தில், குரல் நரம்பை ஒட்டி, மிளகு அளவுக்கு இன்னொன்று ஒளிந்திருந்தது.

இரண்டையும் எடுத்தார்கள். அண்ணி பிழைத்தாள்.

மயக்கம் தெளிந்த பிறகு பேச்சு வரச் சில நாள் ஆனது. வந்தபோது குரல் மாறியிருந்தது. பழைய கணீர்க் குரல் இல்லை. காற்றும் கரகரப்பும் கலந்த குரல். நரம்பு பக்கத்தில் கை வைத்ததால் அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகும் என்றார் டாக்டர். உயிர் கிடைத்ததே பெரிசு, குரலுக்கு யார் கணக்குப் பார்ப்பார்கள்? அண்ணி வேலையை விட்டாள். மேடம் அந்த அறையைக் காலி செய்யவைத்து, தட்டச்சு மேஜைகளை மாடிக்கு, ஜன்னல் உள்ள இடத்துக்கு மாற்றினார். சவுண்ட் கார்டுகளும் மாறின. அதன் பிறகு யாருக்கும் எதுவும் கேட்கவில்லை என்று சொன்னார்கள்.

எனக்கு மட்டும் மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. அந்தக் குரல்கள் அண்ணியைக் காப்பாற்றியிருக்கின்றன. கோயில் கட்டாத குறை. ஆனாலும் அந்த "இருக்கோம்" நினைவுக்கு வரும்போதெல்லாம், எதற்காக இருக்கிறார்கள் என்ற கேள்வியும் கூடவே வந்தது.

போன வாரம் வேலையாக வெளியூர் போயிருந்தேன். சாயங்காலம், விடுதி அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. வீட்டு எண்.

"திருப்புளி, எப்ப வர்ற?" கரகரத்த குரல்.

"நாளைக்கு. யாரு பேசறீங்க?" கேலிக்குத்தான் கேட்டேன். குரல் மாறினதிலிருந்து இப்படி வம்பிழுப்பது எங்களுக்குள் வழக்கமாகியிருந்தது.

பின்னால் டி.வி. சத்தம் கேட்டது. அண்ணன் எதற்கோ சிரித்தான்.

"நான்தான், உன் அண்ணி."

அந்தச் சிரிப்புக்கும், அந்தக் குரலுக்கும், எல்லாவற்றுக்கும் அடியில், என் அண்ணியின் பழைய கணீர்க் குரல், வெகு களைப்பாக, திருத்தியது:

"இல்லை."