ஐந்தருவிப் பாறையில் பதினான்கு அங்குலம்

ஏசுதாசன் முந்தின நாள் உளியால் கீறிய கோடு பதினான்கு அங்குலம். இன்று பதினேழு.

அளவு நாடாவை உதறி மறுபடி வைத்தான். பதினேழேகால்.

1961 பங்குனி. ஐந்தருவியில் ஓர் அருவியிலும் தண்ணீர் இல்லை. பாறை தோசைக்கல்லாய்க் கொதித்தது. இருபத்தெட்டுக் கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே பனிப்பாளம் ஊர்ந்தது என்று சொல்லியே அவனுடைய பேராசிரியர் மூன்று மாநாடுகளில் மாலை வாங்கிவிட்டார். பனி போன தடத்தைக் கண்டுபிடிப்பது மட்டும் மாணவன் வேலை. ஒன்றரை வருடமாகத் தடமே இல்லை. தடம் இல்லையேல் பட்டமும் இல்லை. சனிக்கிழமை பேராசிரியர் புகைப்படக்காரரோடு வருகிறார். ஆகவே உளி.

விடுதிக்குத் திரும்பியதும் விடுதிக்காரர் ஒலி முகம்மது டீயை வைத்தார். "பனிக்கட்டியா தம்பி பாறையைக் கீறும்?"

"அது கீறாது பாய். அடியில கல்லைக் கவ்விக்கிட்டு ஊரும். கல்லுதான் கீறும்."

"அப்ப அதுவும் ஆள் வச்சுத்தான் வேலை பாக்குது. பெரிய மனுசங்க எல்லாரும் ஒண்ணுதான்."

புதனன்று கோடு பாறையை விட்டு இறங்கி, காய்ந்த சருகுகளைச் சத்தமில்லாமல் நசுக்கி, ஈரக் கல்லின் பழைய வாடையோடு சாலைக்கு வந்திருந்தது. வியாழனன்று விடுதி வாசல். "எவம்லே தாரைப் பிறாண்டுனது?" என்று ஒலி முகம்மது லாரிக்காரர்களை ஏசிக்கொண்டிருந்தார்.

எல்லாம் பொய் என்று பேராசிரியருக்குத் தந்தி எழுதினான் ஏசுதாசன். பட்டத்தை நினைத்தான். கிழித்தான்.

சனிக்கிழமை, உச்சிவெயில். அறைக்குள் மட்டும் குளிர்; மூச்சு புகையாய் வந்தது. வாசற்படியில் கரகரவென்று சத்தம். ஓடத் திரும்பினான். முதுகில் பாரம். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. குப்புற விழுந்தான். கன்னம் தரையில். வாய் திறந்தபடி. மூட முடியவில்லை.

கதவு திறந்தது.

"பையன் எங்கய்யா?" பேராசிரியரின் குரல்.

"இங்கனதான் இருந்தாரு, சார்."

பளபளத்த காலணிகள் அவன் கண்ணருகே வந்து நின்றன. குனிந்து பார்த்த யாருடைய பார்வையும் அவன்மேல் தங்கவில்லை.

"ஆகா! எவ்வளவு நேரான கோடு! எடுங்க, எடுங்க படத்தை."

முதுகின்மேல் பனிப்பாளம் நகர்ந்தது. ஒரு மயிரிழை. அவனுடைய முன்பற்கள் சிமெண்டைக் கீறின.

புகைப்படக்காரர் அடுத்த படத்துக்குப் பல்பு மாற்றினார்.