விரிசலுக்கு முன் ஒட்டிய கண்ணாடி

இயக்குநர் அறையின் சுவரில் யாரோ ஒரு கண்ணாடி வில்லையை ஒட்டியிருந்தார்கள்.

மதியச் சாப்பாட்டை முடித்து, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இயக்குநரான அவள் தன் அறைக்குள் வந்தபோது முதலில் மூக்கில்தான் பட்டது. குழைத்துச் சற்று நேரமே ஆன ஜிப்சத்தின் வாசனை. மழைக்கு நனைந்த சாக்பீஸ் பெட்டியைத் திறந்ததுபோல. அப்புறம்தான் அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவில், வெறும் சுவரில், விரல் நீளத்துக்கு ஒன்று மின்னுவதைக் கண்டாள்.

பழைய கட்டடங்களில் வேலை செய்கிறவர்களுக்கு இது பழகிய பொருள். ஒரு சுவரில் விரிசல் இருந்தால், அது செத்த விரிசலா, உயிருள்ள விரிசலா என்று தெரிய வேண்டும். என்றோ விட்டு அப்படியே நின்றுபோனது செத்தது, பூசி மூடிவிடலாம். இன்னும் அகன்றுகொண்டிருந்தால் உயிருள்ளது. பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது, ஏனென்றால் சுவர் ஒரு மாதத்தில் ஒரு தலைமுடி அளவுகூட நகராது. அதனால் விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடி ஒன்றை வைத்து, இரண்டு முனைகளையும் ஜிப்சம் சாந்தால் சுவரோடு பிடிக்கவைத்து, ஓரத்தில் ஒட்டிய தேதியை எழுதிவிடுவார்கள். கண்ணாடிக்கு வளையத் தெரியாது. சுவர் கொஞ்சம் அசைந்தாலும் உடைந்துவிடும். அது எந்தப் பாரத்தையும் தாங்காது, எந்தச் சரிவையும் தடுக்காது. ஆபத்து என்று சொல்வது ஒன்றே அதன் வேலை.

ஆனால் இந்தச் சுவரில் விரிசலே இல்லை.

வெளி அறையில் கணக்கம்மா காதில் பென்சிலோடு உட்கார்ந்திருந்தாள்.

"என் ரூமுக்கு யாரு வந்தது?"

"யாரும் வரலையே மேடம். ஈகூட போகல. ஏன், ஏதாவது காணோமா?"

"சுவத்துல கண்ணாடி ஒட்டியிருக்கு."

கணக்கம்மா வந்து எட்டிப் பார்த்தாள். "அட, நல்லா இருக்கிற சுவருக்கு எதுக்கு வைத்தியம்? குண்டு சார் மட்டும் இருந்திருந்தா இதை வச்சே நமக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுத்திருப்பாரு." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

குண்டு சார் ஒல்லிக்குச்சி. சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கும் தூக்குக்குண்டைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்ததால் வந்த பெயர். பழங்கட்டடங்களைக் காக்கும் அந்த அறக்கட்டளையில் அவர்தான் பாதுகாப்புப் பொறியாளர். அங்கே பொறுப்புகள் தெளிவாகப் பிரிக்கப்பட்டிருந்தன. தலைவர் கூட்டம் நடத்துவார், மாலை வாங்குவார். இயக்குநர் எந்தக் கட்டடத்தை எடுப்பது, யாரை வேலைக்கு வைப்பது என்று முடிவு செய்வார். பொறியாளர் இயக்குநருக்குக் கீழேதான். ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் அவருக்கு மேலே யாரும் கிடையாது. கண்ணாடி உடைந்தால், எவரையும் கேட்காமல் அவர் வேலையை நிறுத்தலாம். உடைந்த வில்லையை மாற்றும் உரிமையும் அவருக்கு மட்டுமே.

பழைய இயக்குநர் ஓய்வு பெற்றபோது நாற்காலிக்கு இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் குண்டு சார். இன்னொருத்தி இவள், அப்போது நாடக அரங்கைப் புதுப்பிக்கும் வேலைக்குப் பொறுப்பாளர். நிர்வாகக் குழு அரங்கைப் பார்வையிட வந்த காலையில், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க முதல் ஆளாய்ப் போனவள் இவள்தான். பின்சுவரில், தலைக்கு மேல், வில்லை இரண்டாக உடைந்திருந்தது.

சொல்லியிருக்கலாம். சொன்னால் வேலை நிற்கும். மழைக்காலம் வந்துவிடும். நாற்காலி அவருக்குப் போகும்.

ஏணியைச் சாத்தி ஏறி, உடைந்ததைப் பெயர்த்துவிட்டுப் புதியதை ஒட்டினாள். பழைய தேதியையே அவர் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினாள். ஈரச் சாந்தின் மேல் தரைத் தூசியை அப்பிப் பழசாக்கினாள். ஒன்றை மறந்துவிட்டாள். அவர் ஏழு என்ற எண்ணின் நடுவில் சின்னக் குறுக்குக்கோடு போடுவார். இவள் போடவில்லை. அவரும் அதைக் கவனிக்கவில்லை. கீழே நின்று டார்ச் அடித்து வில்லை முழுசாக இருக்கிறதா என்று பார்ப்பதோடு சரி. இவள் இயக்குநரான பிறகு ஒரு நாள் அப்படித்தான் பார்த்தார். முழுசாக இருந்தது. அளவெடுக்க உள்ளே போனார். சுவர் அவர்மேல் சரிந்து உயிரைக் கொண்டுபோய்விட்டது.

இடிபாட்டில் வில்லை கிடைக்கவில்லை. பொறியாளர் சோதிக்காமல் உள்ளே போனதே காரணம் என்று விசாரணைக் குழு முடிவுக்கு வந்தது. இன்று மாலை நிர்வாகக் குழு கைதூக்கி ஏற்றுக்கொண்டால், அவர் பெயரின் மேல் அது நிரந்தரமாக உட்கார்ந்துவிடும்.

கணக்கம்மா போனதும் கதவைச் சாத்திவிட்டு வில்லையின் ஓரத்தைப் பார்த்தாள். இன்றைய தேதி. அவர் கையெழுத்து.

யாருக்கோ தெரிந்திருக்கிறது. மிரட்டப் பார்க்கிறார்கள். அந்த நினைப்பில் ஒரு நிம்மதிகூட இருந்தது, மிரட்டுகிறவன் மனிதன்தானே. பிறகு தேதியில் இருந்த ஏழு என்ற எண்ணைப் பார்த்தாள். குறுக்குக்கோடு இல்லை.

அந்தத் தவறைச் செய்த கை உலகத்தில் ஒன்றுதான்.

காகிதம் வெட்டும் கத்தியை முனையில் கொடுத்து நெம்பினாள். சாந்து ஈரமாக இருந்தும் வரவில்லை. கத்தி வளைந்தது. அப்போது கீழே, தரையும் சுவரும் சேரும் இடத்தில், எறும்பு ஊர்வதுபோல ஏதோ அசைந்தது. கோடு. ஒரு தலைமுடிக் கோடு. சுண்ணாம்புப் பூச்சைப் பிளந்துகொண்டு, அவசரமே இல்லாமல், வளைந்து நெளிந்து மேலே ஏறியது. அலமாரியைத் தாண்டியது. வில்லையைத் தேடி வந்து, அதன் அடியில் நுழைந்தது.

டிக்.

மாலையில், அந்தச் சுவரைத் திரும்பிப் பார்க்காமல் கூட்ட அறைக்குப் போனாள்.

"வாங்க வாங்க இயக்குநரம்மா!" தலைவர் பிஸ்கட் தட்டை நகர்த்தினார். "என்ன, முகத்துக்கும் சேத்து வெள்ளையடிச்சுட்டு வந்துட்டீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். குண்டு சாரின் மனைவி சிரிக்கவில்லை. மேசையின் மறுகோடியில், கைப்பையை மடியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போயிடறேங்க," என்றாள். "மேல ஒரு தடவை பாக்காம வீட்டு மாடிப்படிக்குக் கீழகூட என்னை நிக்க விடமாட்டாரு. பயந்தாங்கொள்ளின்னு நானே கேலி பண்ணியிருக்கேன். அந்த மனுஷனா பாக்காம உள்ள போனாரு?"

தலைவர் ஒரு பிஸ்கட்டை எடுத்து, திரும்பத் தட்டிலேயே வைத்தார்.

குண்டு சாரின் மனைவி இவள் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கம்மா. கூட வேலை செஞ்சவங்க. வீட்ல உங்களைப் பத்திப் பேசினா தங்கச்சின்னுதான் சொல்லுவாரு."

மேசைமேல் ஊன்றியிருந்த இவளுடைய இடது உள்ளங்கைக்கு அடியில் ஏதோ சில்லென்றது. குனிந்து பார்க்கத் தேவையிருக்கவில்லை. மழமழப்பு. இரண்டு முனையிலும் ஈரச் சாந்து. ஒரே பலகையில் அறுத்த பழைய மேசை அது.

இப்போது சொல்லிவிடலாம். இரண்டே வார்த்தை. வாய்க்குள் சுண்ணாம்பின் ருசி.

"எனக்கு... சரியா ஞாபகம் இல்லைங்கக்கா."

அந்தப் பெண் தலையை மட்டும் ஆட்டினாள், அதுவும் தெரிந்ததுதான் என்பதுபோல.

"சரி, ஏத்துக்கறவங்க கைதூக்குங்க," என்றார் தலைவர்.

இவள் வலது கையைத் தூக்கினாள்.

டிக். பலகை பிளந்தது. கோடு இவள் கையிலிருந்து கிளம்பி, பிஸ்கட் தட்டுக்கு அடியில் ஓடி, மறுகோடிவரை போய் அந்தக் கைப்பையின் முன்னால் நின்றது. இவள் உள்ளங்கையில் ஒரு கீறல்கூட இல்லை.

"வெயிலுக்குக் காஞ்ச மரம், அப்படித்தான் வெடிக்கும்," என்றார் தலைவர்.

கோடு இவளை விட்டு விலகித்தான் ஓடுகிறது. இவளை அது ஒன்றும் செய்வதாக இல்லை. வீட்டுக்குப் போகும் வழியில், நெரிசலில் ஊர்ந்த பேருந்தில் அது உறைத்தது. அப்படியானால் அடுத்து அது யாரைத் தேடிப் போகும் என்று நினைத்ததும், வீட்டில் தனியாக இருந்த மகளின் முகம் வர, அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி ஓடினாள்.

வீட்டில் விளக்கு எரிந்தது. சுவர்களைப் பார்த்தாள். கூடம், சமையலறை, படுக்கையறை. எதிலும் ஒன்றும் இல்லை. மூச்சு திரும்பியது. மகள் பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல் சாப்பாட்டு மேசையில் வரைபடத்துக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தாள்.

ஜிப்சம் வாசனை.

"அம்மா, இங்க பாரேன். கழுத்துல என்னமோ சில்லுனு ஒட்டிட்டு இருக்கு."

காதுக்குக் கீழே ஒரு முனை. தோள்பட்டை எலும்பில் இன்னொன்று. நடுவில், வெறும் கழுத்தின் குறுக்கே, கண்ணாடி. முழுசாக.

"அசையாதே."

"ஏன்?"

"அசையாதேன்னு சொல்றேன்ல, கண்ணு."

நகத்தைக் கொடுத்து நெம்பினாள். தோலும் சேர்ந்து எழும்பியது.

"ஆ! வலிக்குதும்மா!"

விட்டுவிட்டாள். இரண்டு உள்ளங்கைகளாலும் மகளின் தலையைப் பிடித்துக்கொண்டாள், சாயும் சுவருக்கு முட்டுக்கொடுப்பதுபோல.

"நான்தான் மாத்தினேன்," என்றாள் சத்தமாக. "அவரு பாத்தாரு. பாத்துட்டுத்தான் போனாரு. நான்தான் மாத்தினேன்."

அறை கேட்டுக்கொண்டது. வில்லை அப்படியே இருந்தது.

"யார்கிட்டம்மா பேசற?"

பைக்குள் கைபேசி அடித்தது. எடுக்கக் கை இல்லை. அடித்து ஓய்ந்தது.

"உன் மூஞ்சியைப் பாத்தா சிரிப்பு வருதும்மா."

"சிரிக்காதே."

"ஐயோ, கூசுது. விடேன்."

"சிரிக்காதே தங்கம். சிரிக்காதே."

கண்ணாடிக்கு அடியில் தோல் வழுவழுப்பாக இருந்தது. ஒரு கோடு இல்லை. இன்னும் இல்லை. அவளுடைய உள்ளங்கைகளுக்குள் குழந்தையின் கன்னங்கள் மெல்ல மேலே ஏறின. உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டு, சிரிப்பை அடக்கப் பார்த்து, மகளின் தோள்கள் குலுங்கத் தொடங்கின.