முந்திக்கொண்ட கை

விலைப் பலகையின் எழுத்துகளுக்கு அன்று நிழல் முளைத்திருந்தது. ஒவ்வோர் எழுத்தின் தோளிலும் அதன் மெலிந்த இரட்டை ஒன்று சாய்ந்து நின்றது. சலூன்காரர் கண்ணைக் கசக்கப் போனார். கண்ணுக்குள் புது கான்டாக்ட் லென்ஸ் இருப்பது நினைவுக்கு வந்து கையை இறக்கிக்கொண்டார்.

கிட்டப் பார்வையையும் தூரப் பார்வையையும் ஒரே வில்லைக்குள் வட்டம் வட்டமாக அடக்கிய மல்டிஃபோகல் லென்ஸ். அதற்கு முன், மூக்கில் வழுக்கும் தடித்த கண்ணாடியோடு வேலை செய்தபோது, முடி வெட்ட வந்த ஒருவரின் காதைக் கீறிவிட்டார். "இன்னொரு தடவை ஆச்சுன்னா இந்த நாற்காலிக்கு வேற ஆளைப் போட்டுடுவேன்" என்று முதலாளி எல்லோர் முன்னாலும் சொன்னார். அந்த நாற்காலியை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

லென்ஸ் கடைப் பெண் நல்ல மனசுக்காரி. "முதல்ல எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியும்ணே. போகப் போக மூளை ஒண்ணை வச்சுக்கிட்டு இன்னொண்ணை விட்டுடும். சரிப்படலேன்னா கூச்சப்படாம ஒரு போன் பண்ணுங்க, மாத்தித் தர்றேன்."

கடவுள் இப்படித்தான் யாரோ ஒருவர் வாயால் நமக்கு ஒரு கதவைத் திறந்து வைக்கிறார். சலூன்காரர் போன் பண்ணவில்லை. லென்ஸும் ஒத்துக்கொள்ளவில்லை என்பது முதலாளி காதுக்குப் போனால்?

சவர நுரையின் வாசமும், மின்விசிறி தலையாட்டும் கிறீச்சொலியும், தரையில் முடி புரளும் சரசரப்புமாக ஒரு பகல் பொழுது ஊர்ந்துகொண்டிருந்தபோது, எதிரே நிலைக்கண்ணாடியில் தன் கையைக் கவனித்தார். கைக்கும் நிழல் இருந்தது. ஆனால் அது பின்னால் வரவில்லை. முன்னால் போனது. நிழல் கத்தரியை எடுத்த பிறகுதான் அவர் கை எடுத்தது. நிழல் ஒருவரின் பிடரியில் சற்று அழுத்தியது. வேண்டாம் என்று நினைப்பதற்குள் அவர் கையும் அழுத்தியது. ஒரு சொட்டு ரத்தம். வந்தவர் பெரிய மனசுக்காரர், "பரவாயில்லப்பா" என்றார்.

அப்போதும் போன் பண்ணவில்லை.

மறுநாள் மச்சான் வந்தான், மனைவியின் தம்பி. தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை. வந்ததும் வராததுமாக நாற்காலியில் சாய்ந்தான்.

"என்ன மாமா, சோடாபுட்டியைக் காணோம்? சினிமாவுல கூப்பிட்டாங்களா?"

"வாயை மூடுடா, நுரை உள்ள போகும்."

"இந்த அழகுல அக்கா பார்த்தா, யாரு நீங்கன்னு கேக்கப் போகுது!"

சிரித்தான். பிறகு குரல் தணிந்தது. "கண்ணு செவந்திருக்கு மாமா. முடியலேன்னா விடுங்க, நான் இன்னொரு நாள் வர்றேன்."

"ஒண்ணுமில்ல. சும்மா கிட."

மச்சான் கண்ணை மூடிக் கழுத்தைக் கொடுத்தான். முதலாளி வெளியே யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். சலூன்காரர் சவரக்கத்தியைத் தாடைக்கடியில் வைத்து, வழக்கம்போல் நிலைக்கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தார்.

நிழல் கை நகர்ந்தது. தாடை ஓரமாக அல்ல. குறுக்கே.

வேண்டாம். கையை எடு. எடுத்தார். கண்ணாடியில் அவர் கை விலகியது, கத்தியை மேசையில் வைத்தது. வெறும் கை. நிழல் இல்லை. மச்சானுக்கு ஒரே முகம், விலைப் பலகையில் ஒரே வரிசை எழுத்து. எல்லாம் ஒன்றே ஒன்றாக, துடைத்து வைத்தாற்போல் தெளிவாக.

கடவுளே. பெருமூச்சு விட்டார். லென்ஸ் சரியாகிவிட்டது; மூளை ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றை விட்டுவிட்டது.

உள்ளங்கையில் ஏதோ கனத்தது.

கத்தியின் பிடி.

நுரை சூடாக இருக்காது. விரலிடுக்கில் சூடாக வழிந்தது. மணிக்கட்டுக்கு. முழங்கைக்கு. கைக்கடியில் ஏதோ துள்ளியது. நாற்காலியின் கால் தரையில் உதைபட்டது. துரு வாசம்.

குனிந்து பார்த்தார். சுத்தமான கழுத்து. வெள்ளை நுரை. மேசைமேல் கத்தி.

"மச்சான்?"

பதிலுக்கு ஒரு கொப்புளிப்பு.

வாசலில் முதலாளி அலறினார்.

சலூன்காரர் நிலைக்கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடிக்குள் மச்சான், மாமாவின் கையை நம்பி, லேசாகப் புன்னகைத்தபடி தூங்கிக்கொண்டிருந்தான்.