அறுபத்து நான்கு பென்சில் கோடுகள்

விற்கிறவர் பேரம் பேசவில்லை என்றால், வாங்குகிறவன் பொருளை இன்னொரு தடவை புரட்டிப் பார்க்க வேண்டும். பழைய புத்தக வியாபாரி நிலவழகனுக்கு இது பாலபாடம். ஆனாலும் காலையில் முத்துமாரியம்மாள், இறந்துபோன கணவரின் புத்தகத்தை அவன் சொன்ன விலைக்கே நீட்டியபோது அவனுக்கு வாயூறியதே தவிர சந்தேகம் வரவில்லை.

பழைய ராணுவ ரைஃபிள்களைச் சேகரிப்பவர்களுக்கான கையேடு. பக்கத்துக்கு ஒரு துப்பாக்கியாகப் பக்கவாட்டில் எடுத்த அறுபத்து நான்கு படங்கள்; அடியில் முத்திரை, வரிசை எண் விவரம். வெளிநாட்டில் இதற்கு உயிரையே விடுகிற ஆட்கள் உண்டு. ஒரே குறை, ஒவ்வொரு குழல்வாயையும் அடைத்தாற்போல் பென்சிலால் ஒரு குறுக்குக் கோடு.

“எங்க வீட்டுக்காரரு போட்டது. அதை மட்டும் அழிச்சுராதீங்க தம்பி,” என்றார் அந்த அம்மாள்.

பேரத்தை இப்போதுதான் ஆரம்பிக்கிறார் என்று சிரித்துக்கொண்டே கிளம்பி வந்தான். கறையில்லாத புத்தகத்துக்குத்தான் மதிப்பு.

மத்தியானம், திருமயத்தில் கரண்ட் போயிருந்தது. வீட்டு முன்னறையில் மேசை போட்டு, நகை துடைக்கிற ஆசாரியின் பொறுமையோடு, ரப்பரால் கோடுகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தான். அடுப்படியில் மனைவி இசைவாணி டீக்கு இஞ்சி தட்டுகிற சத்தம் கேட்டது. அந்த இஞ்சி வாசத்துக்கு நடுவே, ஆயுத எண்ணெயும் கருகிய வெடிமருந்தும் கலந்த ஒரு நெடி மெல்ல ஏறியது.

டக்.

பல்லி என்று நினைத்தான். அடுத்த கோட்டை அழித்தான். டக். ரப்பர் எடுக்கிற ஒவ்வொரு முறையும், இரும்போடு இரும்பு பொருந்துகிற அந்தச் சின்னச் சத்தம், தாளுக்குள்ளிருந்து வந்தது. அறுபத்து நான்காவது கோடும் போனபோது அவன் கழுத்து வியர்வையில் நனைந்திருந்தது. முதல் பக்கத்தைத் திருப்பினான்.

பக்கவாட்டில் கிடந்த ரைஃபிள் இப்போது படத்தில் இல்லை. நடுவில் ஒரு கறுப்பு வட்டம் மட்டும். அடுத்த பக்கத்திலும் அதேதான். அதற்கடுத்ததிலும். எல்லாத் துப்பாக்கியும் அவன் பக்கம் திரும்பியிருந்தது.

பென்சிலை எடுத்துக் கோடு கிழித்தான். முனை வழுக்கியது. அழுத்தினான். ஒடிந்தது.

அடுப்படியில் டம்ளர் சத்தம். விரிந்து கிடந்த புத்தகம் மேசைமேல் தானாக ஒரு விரற்கடை நகர்ந்தது. இன்னும் ஒரு விரற்கடை. அடுப்படி வாசலைப் பார்த்து நின்றது.

“இசை, இங்கிட்டு வராத.”

“அடுப்பை அமத்திட்டேங்க. இந்தா வந்துட்டேன்.”

மூடப் பார்த்தான். அட்டை மசியவில்லை. கொலுசுச் சத்தம் கூடத்துக்கு வந்துவிட்டது. வேறு வழியில்லை. விரிந்த புத்தகத்தை அப்படியே தூக்கி, படங்கள் உள்பக்கமாக, நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

சட்டைக்கு மேல் குளிர்ந்த வட்டம் ஒன்று. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் இன்னும், இன்னும்.

இசைவாணி டீயை மேசையில் வைத்தாள். சிரித்தாள்.

“பொண்டாட்டியக் கூட இப்புடிக் கட்டிப்புடிச்சதில்ல. அப்புடி என்ன இருக்கு அதுல? குடுங்க, பாப்போம்.”

அவன் வேண்டாமென்று தலையாட்டினான். அவள் இரண்டு கைகளாலும் அட்டையைப் பிடித்து, விளையாட்டாக, தன் பக்கம் திருப்பி இழுத்தாள்.

உள்ளே, அறுபத்து நான்கும் ஒரே நேரத்தில், டக்.