எதிர்ச்சரிவில் ஒரு பிளந்த பாறை

தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே புருல்சா வாயைத் திறந்தாள். அவள் கணவன் அசன்குல் உப்புத் தேநீரில் ரொட்டியை நனைத்து ஊட்டினான்.

"சீமாட்டிக்கு இன்னும் ஏதாவது வேணுமா?"

"மொதல்ல இடத்தைக் காலி பண்ணுய்யா. இருட்டுறதுக்குள்ள திரும்பணும்."

பனிச்சிறுத்தையைக் கண்டுபிடித்தவர் கண்ணை எடுக்கக் கூடாது. அலிச்சூர் மலைப் பக்கம் சிறுத்தை காட்டிப் பிழைப்பவர்கள் எல்லோருக்கும் இதுதான் வழக்கம். எடுத்தால் அது கல்லோடு கல்லாகிவிடும். நாளெல்லாம் துழாவினாலும் அகப்படாது. ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, மற்றவர் ஏறிப் போய் அது நடமாடும் வழியை அறிந்து வர வேண்டும். மறுநாள் சிறுத்தை பார்க்க வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள்.

அவன் காலடியோசை தேய்ந்த பிறகுதான் அவள் அதைக் கவனித்தாள். பள்ளத்தாக்கைக் கிழித்துக்கொண்டு வந்த காற்று எதிர்ச்சரிவில் பனித்தூளை வாரி வாரி இறைத்தது; பாறை இடுக்கில் காய்ந்த புல் தரையோடு படுத்துப் படுத்து எழுந்தது; அவளுடைய சால்வையில் ஊறிப்போன சாணிப்புகை வாடையைக்கூட அந்தக் காற்று பிய்த்துக்கொண்டு போனது; ஆனால் பாறைமேல் படுத்திருந்த சிறுத்தையின் உடம்பில் ஒரு ரோமமும் அசையவில்லை. ஏறி வருகிறவன் பக்கம் அது திரும்பவே இல்லை. தொலைநோக்கிக் கண்ணாடி வழியே நேராக இவளைப் பார்த்தது.

இமையில் கசிந்த நீர் உறைந்து வலித்தது. வாக்கி டாக்கி கரகரத்தது.

"எங்கடி உன் சிறுத்தை?"

"தலைக்கு மேலதான். பிளந்த பாறைமேல. கிட்ட போயிடாத."

"பிளந்த பாறையா?" சிரித்தான். "அதுமேலதான் உட்கார்ந்து மூச்சு வாங்கிட்டிருக்கேன்."

கண்ணாடிக்குள் பிளந்த பாறை. அதன்மேல் சிறுத்தை. வேறு யாரும் இல்லை.

"விளையாடாதய்யா."

"நானா விளையாடுறேன்? பாறை கதகதன்னு இருக்கு புருல்சா. யாரோ இப்பத்தான் எழுந்து போன மாதிரி."

எடுக்கக் கூடாத கண்ணை எடுத்தாள். வெறுங்கண்ணுக்கு, தூரத்துப் பாறைமேல் கறுப்பாக ஒரு புள்ளி. அது கையை அசைத்தது. அவன்தான். அவளுக்கு உயிர் வந்தது. மறுபடி கண்ணாடியில் குனிந்தாள்.

படுத்திருந்த சிறுத்தை இப்போது எழுந்து உட்கார்ந்திருந்தது. அவன் இல்லை.

"எழுந்திரு. கீழ வா. ஓடி வா!"

"எழுந்திருக்க..." கரகரப்பு. "முடியலைடி."

வெறுங்கண். புள்ளி இல்லை.

கண்ணாடி. பாறை மட்டும். சிறுத்தையும் இல்லை.

வாக்கி டாக்கியில் மூச்சு. அவனுடையது. அதை ஒட்டி, நிதானமாக, இன்னொன்று.

பிறகு அந்த இன்னொன்று மட்டும்.

விடிந்ததும் ஊரார் ஏறினார்கள். அசன்குலின் காலடித்தடம் பாறைவரை போயிருந்தது. திரும்பவில்லை. ரத்தம் இல்லை. விலங்கின் தடம் ஒன்றுகூட இல்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ குளிர்காலங்கள் போய்விட்டன. சரிவு முழுவதும் பனி மூடிக் கிடக்கும்போதும், அந்தப் பாறையின்மேல் ஓர் ஆள் உட்காரும் அகலத்துக்கு மட்டும் பனி தங்குவதில்லை.